அக்காவின் நாவலைப் படித்தேன்

அக்கா,

உன் நாவல் வந்து மூன்று வருஷமாகிறது. ஊரார் எழுதுவதையெல்லாம் பிழை திருத்துகிறவனுக்கு உன்னுடையதைப் படிக்க மட்டும் நேரமில்லை என்று எல்லோரிடமும் சாக்குச் சொன்னேன். நிஜத்தில் பயம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு மாதமும் நான் எட்டிப் பார்க்காததை எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். எடுப்பேன், இரண்டு பக்கம் புரட்டுவேன், மூடிவிடுவேன்.

போன வாரம் அச்சக முதலாளி பிடித்துக்கொண்டார். "உங்க அக்கா புத்தகம் இரண்டாம் பதிப்பு போடறோம். நீங்களே பிழை பாருங்க."

நேற்று முடித்தேன். அம்மா இருக்கிறாள், அந்த வார்டு இருக்கிறது, கிறீச்சிடும் கட்டில்கூட இருக்கிறது. "கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?" என்று நர்ஸ் கேட்கிறாள். "இல்லைங்க, நான் ஒருத்திதான்" என்கிறாள் மகள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! நாலு பக்கம் என்னைத் திட்டி எழுதியிருக்கக் கூடாதா?

அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன். ஒரு பிழையும் கிடைக்கவில்லை. அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திட்டுவதற்காகவாவது கதவைத் திற.

உன் தம்பி