யார் பக்கம் நிற்பாள்?

அன்பான கெசியா அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். ஆஸ்பத்திரி டூட்டியும் நன்றாகப் போகிறது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கெசியாவுக்கு இருமல் விட்டதா?

போன ஞாயிறு இங்கே காக்ஸ் டவுன் சபையில் சண்டே கிளாஸ் டீச்சர் வராததால் என்னை வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். சாலொமோன் ராஜா ஆண்டவரிடம் ஞானம் கேட்ட கதையைச் சொல்லி, "நீங்க என்ன கேப்பீங்க?" என்றேன். சைக்கிள், லீவு என்று பிள்ளைகள் கத்தினார்கள். செரின் என்ற சிறுமி மட்டும் மெதுவாக, "அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டா யார் பக்கம் நிக்கணும்னு தெரியற புத்தி வேணும் ஆன்ட்டி" என்றாள்.

எனக்கு நம் கெசியாவின் முகம்தான் வந்தது. அவளை இங்கே அழைத்து வருவதா, அங்கேயே விடுவதா என்று நாம் போனில் வாதாடும்போதெல்லாம் பக்கத்தில்தானே இருக்கிறாள்!

"யார் பக்கமும் நிக்க வேணாம் கண்ணு. பயமா இருக்குன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு" என்று செரினிடம் சொன்னேன். இந்த வாரம் அவள் அம்மா என்னைத் தேடி வந்தார். "சொல்லிட்டா சிஸ்டர். சண்டைய விட்டுட்டு அப்படியே உக்காந்துட்டோம்" என்று கண்ணைத் துடைத்தார். வாசலில் செரினைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பா நின்றார்.

பருப்புப்பொடி கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். கெசியாவுக்குச் சின்னதாகிவிட்ட ஸ்வெட்டரையும் வையுங்கள், தலையணையில் போட்டுக்கொள்வேன்.

ஊருக்கு வரும் ஜெபராஜ் அண்ணன் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், அவரிடமே இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். ஞாயிறு கூப்பிடுவேன். சேர்ந்து ஜெபித்துவிட்டு, முதலில் கெசியா பேசட்டும். நாம் இருவரும் கேட்போம்.

உங்கள்
பியூலா