திரும்பி வந்த காய்ச்சல்

என் காத்தாயிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி பிடித்த கையில் பென்சில் நிற்க மாட்டேன் என்கிறது. இந்த இரண்டு வரிக்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆனால் நானே எழுதுகிறேன், கேட்டாயா? ஞாயிற்றுக்கிழமை எழுத்து வகுப்பில் நரைத்த தலையோடு நான் ஒருத்தன்தான்.

நம் மருமகள் செல்லம்மாவுக்கு ஐப்பசி மழையில் சளித் தடிமன் பிடித்தது. காய்ச்சல் நாலு நாள் அடித்து நின்றது. நின்ற மூன்றாம் நாள் வழக்கப்படி தலைக்கு ஊற்றினார்கள். மறுநாள் காலை பெரட்டுக்குப் போய், ஆள் கணக்கில் பேர் கொடுத்து, தேயிலைக் கொழுந்தும் எடுத்தாள். சாயங்காலம் காய்ச்சல் திரும்பி வந்தது. தண்ணீர் ஊற்றின குளிர்தான், கஷாயம் போதும் என்று வரிசை வீட்டு லயமே சொன்னது.

உனக்கும் அதைத்தானே சொன்னோம்? நான்தானே முதலில் சொன்னேன்? இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டோம். கடைசியில் நீ போன அன்று, தோட்டத்து மருந்து ஐயா நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

இந்தத் தடவை எனக்குத் தெரிந்தது. மருந்து ஐயா மருந்து கொடுக்கும் காம்பிராச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என் இருமல் மருந்துக்குப் போத்தலோடு நிற்கும்போதெல்லாம் அதை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். தடிமன் காய்ச்சல் விட்டுத் திரும்பினால், நெஞ்சு குத்தினால், மூச்சு வாங்கினால் உடனே கொண்டுவர வேண்டும். செல்லம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

மகன் ராமையா சிரித்தான். "எழுத்து படிச்சு மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள டாக்டராயிட்டீங்களாப்பா?"

"நான் சொல்லலடா, செவுத்துல எழுதியிருக்கு. தூக்கு."

கம்பளியில் வைத்துத் தூக்கிப் போனோம். மருந்து ஐயா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். நிமோனியா என்றார். ஊசி போட்டு, தோட்டத்து லொறியிலேயே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நேரத்தோடு கொண்டுவரச் சொன்னது யார் என்று கேட்டார். ராமையா தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கப்பாங்க. அவருக்குப் படிக்கத் தெரியும்."

காத்தாயி, அதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும்.

செல்லம்மா நேற்று வீடு வந்துவிட்டாள். இப்போது லயத்தில் யாருக்குக் காய்ச்சல் திரும்பினாலும் நம் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

வருகிற வாரம் மருந்து ஐயாவிடம் போய், நான் கைநாட்டு வைத்த உன் தாளைக் கேட்கப் போகிறேன். நானே படிப்பேன். அதில் என்ன இருந்தாலும் மறைக்காமல் உனக்கு எழுதுவேன்.

உன் வீட்டுக்காரன்,
மாரிமுத்து
(இது கைநாட்டு இல்லை)