எப்சிபா என்னும் செம்பழுப்புக் குதிரையை ஏலத்திலிருந்து காக்கவும், படை வரலாற்றில் அவளது உண்மை நிறத்தை அச்சிடவும் கோரும் மனு

அனுப்புநர்:
தாடியஸ் கில்ஹூலி,
சார்ஜெண்ட், தலைமை லாடக்காரர், எஃப் அணி,
முப்பத்தேழாம் குதிரைப்படை,
ஹால்டேன் கோட்டை, நெப்ராஸ்கா.

பெறுநர்:
கர்னல் ஆம்ப்ரோஸ் வென்ட்வொர்த் அவர்கள்,
படைத்தலைவர், முப்பத்தேழாம் குதிரைப்படை,
ஹால்டேன் கோட்டை.

வழி: கேப்டன் ஓடல் ரஸ்க், எஃப் அணித்தலைவர் (படித்தார், சிரித்தார், தடுக்கவில்லை).

பொருள்: எஃப் அணிக் குதிரை எண் 36, எப்சிபா — மேஜர் பெல் அவர்கள் பிறப்பித்த விலக்கு ஆணையை வெள்ளிக்கிழமை காலைக்குள் நீக்கக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய கர்னல் ஐயா,

1. இப்படையில் இருபத்தொன்பது ஆண்டுகளாக லாடம் அடித்துவருகிறேன். இதுவரை அடித்த லாடங்களை அடுக்கினால், நிலவில் குடியிருப்போர் நெப்ராஸ்காவுக்கு இறங்கிவர ஏணி தயார். சமையல்காரரின் பிஸ்கட்டைக் கொண்டும் ஒருமுறை லாடம் அடித்திருக்கிறேன். மூன்று மாதம் தேயவில்லை. ஆகவே கீழே எழுதுவதில் ஒரு சொல்கூட மிகையல்ல என்பதைப் பணிவுடன் உறுதி கூறுகிறேன்.

2. 1866இல் நமது படை பிறந்தபோது ஒவ்வொரு அணிக்கும் ஒரே நிறக் குதிரைகள் என்று வகுத்தார்கள். ஏ அணிக்குக் கருப்பு, சி அணிக்குச் செம்பழுப்பு, எங்கள் எஃப் அணிக்குச் சாம்பல். டெக்சாஸ் வெயிலில் பொத்தான் உருக நடந்தோம். வயோமிங் பனியில் மீசையை ஒடித்து விறகாக்கினோம். யாரை விரட்டினோம், ஏன் விரட்டினோம் என்று எனக்குள் சில கேள்விகள் உண்டு. அவை இம்மனுவில் அடங்கா. ஆனால் எங்கே போனாலும் எஃப் அணி சாம்பல் நிறத்தில் போனது. அணி எழுத்தர் புதுக் குதிரை அட்டைகளில் 'நிறம்: சாம்பல்' என்று முன்கூட்டியே முப்பதை எழுதி அடுக்கி வைத்துக்கொள்வார். குதிரையை ஏறிட்டுப் பார்க்கும் வழக்கமே அவருக்கு இல்லை.

3. எல்லாக் கேடும் அங்கிருந்துதான். 1903இல் முப்பத்தாறாம் எண் குதிரை வயிற்றுவலியில் மாண்டது. மாற்றாக வந்தவள் எப்சிபா. சட்டியில் காய்ச்சிய வெல்லப்பாகு போன்ற செம்பழுப்பு. அவள் ரயிலிலிருந்து இறங்கும் முன்பே அட்டை தயாராகிவிட்டது: சாம்பல். கேப்டன் ரஸ்க் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"லாடக்காரரே, வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ஷன். இவளை என்னய்யா பண்றது?"

"கல்யாணப் பொண்ணுக்குப் பண்றதைத்தான் ஐயா பண்ணணும். பவுடர் போட்டுடுவோம்."

கோதுமை மாவு இரண்டு பங்கு, விறகுச் சாம்பல் ஒரு பங்கு, பிடிப்புக்குக் கொஞ்சம் மோர். இக்குற்றத்தை எட்டு ஆண்டுகளாக, ஒவ்வோர் ஆய்வின்போதும், ஒவ்வொரு அணிவகுப்பின்போதும் செய்தவன் நானே. அவள் தும்மும்போதெல்லாம் பக்கத்து வரிசை வெளுத்துப்போகும். மற்றபடி யாரும் கண்டுபிடிக்கவில்லை.

4. இனி, கடந்த மே 22ஆம் நாள். ஆளுநரின் பார்வைக்கான அணிவகுப்பை முடித்துக்கொண்டு கோட்டைக்குத் திரும்புகையில், பிளாட் நதி பாலத்தைத் தின்றுவிட்டிருந்தது. தாங்கள் அறிந்ததே. வேலியோடு வேலி, கோழிக்கூண்டோடு கோழி, ஒரு தேவாலயக் கதவு, அதன்மேல் நின்று குரைத்துக்கொண்டே போன ஒரு நாய், எல்லாம் வெள்ளத்தில் மிதந்துபோயின. மேட்டில் நாங்கள், தண்ணீரோ மணிக்கு ஒரு முழம் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்நூறு குதிரைகளும் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு பின்வாங்கின. அதிகாரிகளின் உயர்சாதிக் குதிரைகள் இன்னும் வேகமாகப் பின்வாங்கின.

அப்போது எப்சிபா, யாருடைய கட்டளையும் இல்லாமல், தண்ணீரில் இறங்கினாள். அவள்மேல் அமர்ந்திருந்தவர் எக்காளக்காரர் எமில் வாக்னர்.

"டேய் எமில், எங்கடா ஓட்டிட்டுப் போற?" என்று கேப்டன் கத்தினார்.

"நான் எங்க ஓட்டறேன் ஐயா? அவதான் என்னைக் கூட்டிட்டுப் போறா!"

"அப்படின்னா ஊதுடா!"

எமில் ஊதினார். பாதி இசை, பாதி நதி. முன்னே ஒரு குதிரை நீந்தக் கண்டால் பின்னே நிற்பது நின்றிராது. எஃப் அணி இறங்கியது, பிறகு ஏ, பிறகு சி, கடைசியில் சமையல் வண்டி இழுக்கும் கோவேறு கழுதைகள்கூட வெட்கப்பட்டு இறங்கின. நடு ஆற்றில் எட்டு ஆண்டு மாவும் கரைந்து வெள்ளைக் கோடாக ஓடியது. சாம்பலாக இறங்கியவள் செம்பழுப்பாகக் கரையேறி, உடம்பைச் சிலுப்பி, ஒரு முழுப் படையின் மேலும் தண்ணீர் தெளித்தாள். ஓர் ஆள் குறையவில்லை, ஒரு குதிரை குறையவில்லை. நாங்கள் போட்ட கூச்சலில் நதி ஓர் அங்குலம் வடிந்தது, அளந்தவன் நான்.

அன்று மாலை கேப்டன் என் மாவு வாளியை உதைத்துக் கவிழ்த்தார். "இனிமே அவளுக்கு வேஷம் போட்டா உன்னைக் கொன்னுடுவேன் தாடியஸ்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மாவு பட்டதால் என்றார்.

5. ஜூன் 12ஆம் நாள் மேஜர் லைசாண்டர் பெல் ஆய்வுக்கு வந்தார். அட்டையைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். திரும்பவும் அட்டையைப் பார்த்தார்.

"காகிதத்துல சாம்பல்னு இருக்கு. இங்க பழுப்பு நிக்குது. அரசாங்கத்துக் குதிரையை யாருக்குய்யா தள்ளிவிட்டீங்க?"

"தள்ளிவிடல ஐயா. ஆத்துல கரைஞ்சு போச்சு."

"எது, குதிரையா?"

"இல்லீங்க, நிறம்."

"யோவ், இருபத்தொன்பது வருஷம் லாடம் அடிச்சியா, இல்ல உன் மண்டையிலயே அடிச்சுக்கிட்டியா?"

உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது. முடிவில் எழுதினார்: சாம்பல் குதிரை காணாமற்போனது, அதன் இடத்தில் நிற்பது ஊர் பேர் தெரியாத பழுப்புக் குதிரை, வெள்ளியன்று அதன் தோளில் 'படைக்கு உதவாது' என்னும் விலக்கு முத்திரை பொறித்து, சனியன்று ஏலம் விடுக. ஏலத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் ஒரே நபர், ஐயா, குதிரைத் தோலிலும் எலும்பிலும் பசை காய்ச்சுபவர்.

அந்த முத்திரை இரும்பைக் காய்ச்ச வேண்டியவன் நான். இருபத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாக என் உலை பற்ற மறுக்கிறது.

6. அவளே முப்பத்தாறாம் எண் என்பதற்குச் சான்று அவள் காலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு படைக்குதிரையின் குளம்பிலும் அணி எழுத்தையும் எண்ணையும் சுடுகிறோம். குளம்பு நகம்போல் வளர்வதால் எழுத்து கீழே இறங்கித் தேய்ந்துபோகும்; அது மறையும் முன் மேலே புதிதாகச் சுட வேண்டும். என் இரும்பில் '6'இன் வால் எப்போதோ உடைந்துவிட்டது. எப்சிபாவின் இடது முன்குளம்பில் தேயப்போகும் பழைய 36, அதற்குமேல் புதிய 36, இரண்டிலும் வால் இல்லை. ஊர் பேர் தெரியாத குதிரைக்கு இது எங்கிருந்து வரும்? மேஜர் அவர்கள் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவருடைய கால்சட்டை இறுக்கமானது.

7. எனவே தாங்கள் கருணைகூர்ந்து,

(அ) விலக்கு ஆணையை வெள்ளிக்கிழமை காலைக்குள் நீக்கவும்;

(ஆ) அட்டையில் 'சாம்பல்' என்பதை அடித்து 'செம்பழுப்பு' என்று எழுதவும்;

(இ) படையின் பிறந்தநாளுக்காக இப்போது எழுதப்பட்டுவரும் வரலாற்றில் 'எஃப் அணியின் வீரச் சாம்பல் குதிரை நதியைக் கடந்தது' என்றிருக்கும் வரியைத் திருத்தவும்;

(ஈ) மாவு பூசிய குற்றத்துக்கு எனக்கு உரிய தண்டனையை, எதுவானாலும், வழங்கவும்

வேண்டுகிறேன். குற்றம் செய்தவன் நான். நதியைக் கடந்தவள் அவள். இரண்டையும் ஒரே தோளில் பொறிப்பது நியாயமாகாது.

8. சாட்சிகள்: எக்காளக்காரர் வாக்னர், எஃப் அணியின் அறுபத்தொரு பேர், கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன, மேலும் ஓர் உயர் அதிகாரி. அன்று அவருடைய குதிரை நடு ஆற்றில் அவரை உதறிவிட்டுத் தனியே நீந்திக் கரையேறியதால், அவர் எப்சிபாவின் வாலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, "விட்றாதம்மா, விட்றாத!" என்று வேண்டியபடியே கரைசேர்ந்தார். எழுந்து நின்றபோது அவர் தொப்பியில் ஒரு கெளுத்தி மீன் துள்ளியது. கட்டுப்பாடு கருதி அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அறுபத்தொரு பேரும் இன்றுவரை வாய் திறக்கவில்லை, இனியும் திறக்கமாட்டார்கள்.

அவ்வதிகாரி இப்போது இம்மனுவின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கையொப்பம் ஒன்றுதான் குறை.

தங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்,
தாடியஸ் கில்ஹூலி

இடம்: ஹால்டேன் கோட்டை, லாடக் கொட்டகை
நாள்: 14 ஜூன் 1911