அறுபத்தொன்றாம் பக்கத்து டீக்கறை

அனுப்புநர்:
உறுப்பினர் எண் 2214,
லிஃப்ட் இயக்குபவர் (ஓய்வு),
கிளை நூலகம்.

பெறுநர்:
தலைமை நூலக அலுவலர் அவர்கள்,
தலைமை நூலகம்.

பொருள்: பதின்பருவ வாசகருக்கான புத்தகப் பரிந்துரைப் போட்டியில் மாணவி ஒருவர் மீது சுமத்தப்பட்ட திருட்டுப் பழியை நீக்கவும், அறிவிப்புப் பலகையில் உள்ள தாளை அகற்றவும், சாட்சியை எடுத்து வைத்துக்கொண்டவன் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மனுக்கள் இரண்டு (மாடிப்படிக் கைப்பிடி, குடிநீர்க் குழாய்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இக்கிளை நூலகத்தில் பதினொரு ஆண்டுகளாக உறுப்பினர். என் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் இங்கே யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. 'லிஃப்ட்காரர்' என்றால்தான் தெரியும். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் லிஃப்ட் இயக்கினேன். பள்ளிக்கூடம் போனதில்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும்போது எதிரே தெரிந்த பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டித்தான் படிக்கக் கற்றேன். பல் மருத்துவர் இரண்டாம் மாடி, வழக்கறிஞர் நான்காம் மாடி; என் அரிச்சுவடி அவ்வளவே. இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. இந்த மனுவை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அப்படி நினைப்பதில் எங்கள் போட்டிக் குழு கைதேர்ந்தது.

2. பார்வையில் கண்ட மனுக்களில் கைப்பிடி பதினான்கு மாதத்தில் வந்தது. குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஆகவே மனு எழுதுவதில் எனக்குப் பாதி நம்பிக்கை உண்டு.

3. முதல் மாடியில், சன்னலை ஒட்டிப் பதின்பருவத்தினருக்கான அலமாரி உள்ளது. பெரியவர்கள் பகுதியில் இருந்த கனத்த புத்தகங்கள் என்னை மூன்றாம் பக்கத்திலேயே வெளியே தள்ளிவிட்டதால், ஏழு ஆண்டுகளாக நான் அந்த அலமாரியிலிருந்துதான் எடுத்துப் படிக்கிறேன். "பெரியவரே, அது பசங்க ரேக்கு" என்று கிளை நூலகர் பல முறை சொன்னார். "படிக்கிறதுல நானும் பையன்தான் சார்" என்று பதில் சொல்லிவிட்டேன். இதற்குத் தடை விதிக்கும் விதி ஏதும் இல்லை, பார்த்துவிட்டேன்.

4. அந்த அலமாரிக்கென்று ஒரு பழக்கம் உண்டு. படித்து முடித்த பிள்ளைகள் ஒரு துண்டுத் தாளில் அடுத்து எடுப்பவருக்கு நாலு வரி எழுதிப் புத்தகத்துக்குள் வைப்பார்கள். 'முதல் இருபது பக்கம் அறுவை, தாண்டிவிடுங்கள்', 'நாய் சாகாது, பயப்படாமல் படிக்கலாம்' என்பன போல. கவுண்டரில் இருக்கும் உதவியாளர் அம்மா, "சீட்டுக்கும் ஒரு குத்து வாங்கிக்கோங்கப்பா, அதுவும் நம்ம புக்குதான்" என்று சிரித்துக்கொண்டே அவற்றின் மேலும் தேதி முத்திரை குத்துவார். விளையாட்டாகக் குத்தியதுதான். அந்த விளையாட்டுதான் இன்று இந்த மனுவின் ஆதாரம்.

5. இச்சீட்டுகளில் பச்சை மையில் எழுதப்பட்டவை தனி ரகம். எழுதியவரை அப்போது நான் பார்த்ததில்லை. மனதுக்குள் 'பச்சை மை' என்று பெயர் வைத்துக்கொண்டேன். பச்சை மை நல்லது என்றால் எடுப்பேன், வேண்டாம் என்றால் தொடமாட்டேன். இரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் ஏமாந்தேன். அதுவும் எனக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளாததால்.

6. பதிவு எண் 8817 ரயில்வே கேட் காப்பவர் ஒருவரைப் பற்றிய கதை. அதில் இருந்த பச்சை மைச் சீட்டை அப்படியே தருகிறேன்:

'இந்தப் புத்தகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று என் அக்கா தூக்கிப் போட்டுவிட்டாள். நடக்கிறது. ரயில் போன பிறகு நடக்கிறது. 61ஆம் பக்கத்து டீக்கறை என்னுடையது, மன்னிக்கவும். அந்த இடத்தில் கை நடுங்கிவிட்டது. எல்லாரையும் அனுப்பிவிட்டு நிற்கிற ஒருவரை உங்களுக்குத் தெரியும் என்றால், அவரிடம் இதைக் கொடுங்கள்.'

முத்திரைத் தேதி: மார்ச் 11.

7. கடந்த ஜூன் மாதம் 'பதின்பருவ வாசகர் மாதம்' என்று துணிப்பதாகை கட்டினார்கள். தனக்குப் பிடித்த புத்தகத்தை மற்றவருக்குப் பரிந்துரைத்து எழுத வேண்டும். சிறந்த பரிந்துரைக்கு இருபத்தைந்து புதிய புத்தகங்கள் இலவசம். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்த் தெரு டியூஷன் மாஸ்டர் தம் மாணவர்கள் முப்பது பேரின் பெயரில் முப்பது பரிந்துரைகளை ஒரே உறையில் போட்டு ஜூன் 16 அன்று கொடுத்தார். முப்பதும் ஒரே கணினி எழுத்தில் இருந்தன. மே மாதத்தில் அதே மாஸ்டர் இரண்டு பிற்பகல்கள் அந்த அலமாரி முன் நின்று, புத்தகம் புத்தகமாகத் திறந்து, சீட்டுகளைக் கைபேசியில் படம் எடுத்ததை நானும் உதவியாளர் அம்மாவும் பார்த்தோம். "என்ன சார், கல்யாண ஆல்பமா?" என்று அம்மா கேட்டார். "ரெஃபரன்ஸுக்கும்மா" என்றார் மாஸ்டர்.

8. ஜூலை 6 அன்று பரிசளித்தார்கள். முதல் பரிசு பெற்ற மாணவர் மாஸ்டரின் முப்பது பேரில் ஒருவர். அவருடைய பரிந்துரை போட்டி மலரில் அச்சாகியுள்ளது. அக்கா தூக்கிப் போட்டதும் ரயில் போன பிறகு நடப்பதும் அதில் உள்ளன. ஐயா, 61ஆம் பக்கத்து டீக்கறைக்கான மன்னிப்பும் உள்ளது. 8817இன் எடுப்பு அட்டையைப் பாருங்கள்: ஒரு மாணவி, பிறகு நான், அவ்வளவே. பரிசு பெற்றவர் அந்தப் புத்தகத்தை எடுத்ததே இல்லை. எடுக்காத புத்தகத்தில் எப்படி டீ கொட்டினார்? மேடையில் அவருடைய தாயார், "இவன்தாங்க எங்க வீட்டுக்கு மூத்தவன், இவனுக்குக் கீழ ஒரு தம்பி" என்று பெருமையாகச் சொன்னார். அக்கா எந்த வழியில் வந்தாள் என்று குழுவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. 'இயல்பான நடை' என்று நடுவர்கள் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அந்த மாணவர் மீது எனக்குக் குறையில்லை. கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்ட பிள்ளை. தண்டிக்க வேண்டாம் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

9. ஜூலை 9 அன்று மாலை ஒரு மாணவி தம் தாயாருடன் வந்தார். பள்ளிச் சீருடை, ஒன்பதாம் வகுப்பு. தாயார் தையல் ஆலையில் வேலை செய்பவர். தோளில் நூல் துணுக்குகளோடு நேராக வந்திருந்தார். மாணவியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பலகையில் அது தொங்கியது போதும்.

அந்த வரிகள் தம்முடையவை என்று புகார் சொல்லத்தான் அவர் வந்தார். போட்டிக் குழுச் செயலாளர் போட்டிக்கு வந்த தாள்களின் கட்டைப் புரட்டினார். மாணவியும் போட்டிக்கு அதையே, இன்னும் நான்கு வரி சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் ஜூன் 18 அன்று. "ரெண்டு நாள் கழிச்சுக் குடுத்துட்டு ஒன்னுதுங்கறியா? ஒம்பதாவது படிக்கிற பொண்ணு எழுதுற எழுத்தா இது?" என்றார் செயலாளர். பரிசு பெற்றவரும் ஒன்பதாவதுதான். அவருக்கு அந்த எழுத்து தாராளமாக வந்ததாம்.

10. மாணவி அழவில்லை. "என் சீட்டு புக்குக்குள்ளயே இருக்கு சார். மார்ச்சுல குத்துன முத்திரை இருக்கு. எடுத்துப் பாருங்க" என்றார். அவ்வளவு உறுதியாகச் சொன்னார். செயலாளர் 8817ஐ வரவழைத்து, அட்டைகள் இரண்டையும் இரு கையால் பிடித்துத் தலைகீழாக உதறினார். ஒன்றும் விழவில்லை. மறுபடி உதறினார். "எங்கம்மா சீட்டு? பறந்து போச்சா?" என்றார். வாசிப்பு அறையில் இருந்த ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். மாணவி புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முதலிலிருந்து கடைசி வரை. அப்போது தாயார், "படிக்கப் போன எடத்துல திருட்டுப் பட்டமா? போதும்டி, வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். விசாரணை மொத்தம் நான்கு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுப்பு அட்டையை யாரும் பார்க்கவில்லை. 61ஆம் பக்கத்தைத் திறக்கவில்லை. முத்திரை குத்திய அம்மா பத்தடி தூரத்தில் நின்றார். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வாய் திறந்தபோது, "நீங்க ஒங்க வேலையப் பாருங்க" என்றார்கள்.

11. சீட்டு பறந்து போகவில்லை, ஐயா. அது என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருந்தது. கண்ணாடிக் கூடு என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதே அறையில், செயலாளருக்கு மூன்று நாற்காலி தள்ளி, செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

12. மே 28 அன்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். முப்பத்தொரு ஆண்டுகள் எல்லாரையும் அவரவர் மாடிக்கு அனுப்பிவிட்டு நின்றவன் நான். சீட்டின் கடைசி வரி எனக்கு எழுதியது என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை, எடுத்தது தப்பு. விதி 11 தெளிவாக உள்ளது: புத்தகத்திலிருந்து தாளோ சீட்டோ எடுப்பவரின் உறுப்பினர் உரிமை ரத்து. ஜூலை 9 அன்று நான் வாய் திறக்காததற்குக் காரணம் அந்த விதிதான். இந்த வயதில் இந்த அறையை விட்டால் எனக்கு வேறு மாடி இல்லை என்று பயந்தேன். செயலாளருக்கு நான்கு நிமிடப் பொறுமை இருந்தது. எனக்கு நான்கு வார்த்தைத் தைரியம் இல்லை. இந்த மனுவில் கோபம் தெரிந்தால், அதில் ஒரு பங்கு எனக்கும் சேர்ந்தது என்று கொள்ளவும்.

13. மறுநாள் பலகையில் தாள் ஒட்டினார்கள். பெயர், வகுப்பு, பள்ளி, 'பிறர் படைப்பைத் திருடியதால் ஓராண்டு உறுப்பினர் உரிமை நிறுத்தம்.' கொட்டை எழுத்து. அவர் வகுப்புப் பிள்ளைகள் நின்று படிக்கிறார்கள். அதோடு, 'இனி புத்தகங்களில் சீட்டு வைக்கக் கூடாது' என்று இன்னொரு தாள். சீட்டுகளை எல்லாம் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, 'பரிந்துரைக்கப்படும் நூல்கள்' என்று ஒரு பட்டியலை அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் நாய் சாகுமா சாகாதா என்ற தகவல் இல்லை.

14. நேற்று, அந்த மாணவி கையில் இருந்த கடைசிப் புத்தகத்தைத் தோழி ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். உதவியாளர் அம்மா அதை என்னிடம் நீட்டினார். பழக்க தோஷத்தில் சீட்டைத் தேடினேன். இல்லை. இரண்டு அட்டைகளையும் பிடித்துத் தலைகீழாக உதறினேன், செயலாளர் உதறியது போலவே. பிறகுதான் என் கையை நானே பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் இந்த மனுவை எழுதத் தொடங்கிவிட்டேன்.

15. ஆகவே நான் கேட்பது:

அ) பலகைத் தாளை உடனே எடுக்க வேண்டும். மாணவி திருடவில்லை என்று புதிய தாள், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு நாளும் குறையாமல் இருபத்துமூன்று நாட்கள் ஒட்டப்பட வேண்டும். பழைய தாள் இன்றோடு அத்தனை நாள் இருந்திருக்கிறது.

ஆ) உறுப்பினர் அட்டையை மாணவியை வரவழைத்துக் கொடுக்கக் கூடாது. செயலாளர் அவர் வீட்டுக்குப் போய், தாயார் வேலை முடிந்து வந்த நேரத்தில், தாயார் கையில் கொடுக்க வேண்டும்.

இ) இருபத்தைந்து புத்தகங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது குழுவின் மனசாட்சி, இருந்தால் பேசட்டும்.

ஈ) விதி 11இன்படி என் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். வயதைக் காட்டி என்னை விட்டுவிடக் கூடாது. பலகையில் என் பெயரும் வரட்டும். பதிவேட்டில் சரியான எழுத்தில் இருக்கிறது.

உ) விசாரணை முடிந்ததும் சீட்டைக் கோப்பில் வைத்துக் கட்டிவிடாமல், 8817க்குள் திரும்ப வைக்க வேண்டும். அது அடுத்து எடுப்பவருக்கு எழுதியது. நடுவில் நான் நிறுத்தி வைத்துவிட்டேன். லிஃப்ட்டை இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்தியவனை எங்கள் கட்டடத்தில் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்புவார்கள்.

16. சீட்டை அஞ்சலில் அனுப்ப மாட்டேன். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் யாரிடமும் தர மாட்டேன். தங்கள் அலுவலகம் திறந்ததிலிருந்து மூடும் வரை, தாங்கள் கூப்பிடும் நாள் வரை, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்து காத்திருப்பது என் தொழில். இதில் என்னைத் தோற்கடிக்க முடியாது.

இதை வாசித்த கையோடு உத்தரவிட வேண்டுகிறேன். குழாயைப் போல ஒழுகவிட வேண்டாம்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
உறுப்பினர் எண் 2214

இடம்: கிளை நூலகம், முதல் மாடி
நாள்: ஆகஸ்ட் 2

இணைப்பு:
1. பச்சை மைச் சீட்டின் நகல் (அசல் நேரில்).
2. போட்டி மலர், பக்கம் 3.
3. 8817இன் எடுப்பு அட்டையில் உள்ளவை, என் கையால் எழுதியது.
4. என் உறுப்பினர் அட்டை. அதன் பேரில் எடுத்த புத்தகம் ஒன்று கையில் உள்ளது. இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. தவணை ஆகஸ்ட் 9. அன்று ஒப்படைத்துவிடுவேன். உள்ளே ஒரு சீட்டு இருக்கும், நான் எழுதியது. அதை யாரும் எடுக்கக் கூடாது.