கண்டவன் போட்ட தரை

அண்ணை,

எங்கள் தெருவில், என் கடைக்கு நேரெதிரே, இன்னொரு தமிழ்க்கடை திறந்திருக்கிறது. நேற்று எட்டிப் பார்த்தேன். வியாபாரி முதலில் விலையைத்தான் பார்க்க வேண்டும். நான் தரையைப் பார்த்தேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்துப் பலகையில் ஆட்டுக்கண் மாதிரி ஒரு கணு. கல்லாப்பெட்டிக்கு முன்னால் அதே கணு. வாழைப்பொத்தி வைத்திருந்த தட்டின் கீழும் அதே கணு. லமினாட்! உங்களோடு பழகி வந்த வியாதி இது. எந்தக் கடைக்குள்ளும் குனிந்தபடிதான் நுழைகிறேன்.

"மரத்தைப் படமெடுத்து அட்டையிலை ஒட்டியிருக்கிறாங்கள் தம்பி. ஒரு மரத்துக்கு அதே கண் எத்தினை தரம் வரும்?" என்று என் கடையின் பழைய தரையைக் காலால் தட்டிக் கேட்டீர்கள்.

வவுனியாக் காடுகளில் வன அதிகாரியாக இருந்தவர் நீங்கள். உங்கள் முத்திரை விழாமல் ஒரு முதிரை மரக்குற்றி லொறியில் ஏறாது. பிறகு இங்கே ஜெர்மனிக்கு வந்து, கெல்சென்கிர்ச்சனில் ஒரு ஜெர்மன் முதலாளியிடம் கூலிக்குப் பார்கெட் பதித்தீர்கள், அசல் மரத்தரை. அதைத் தனித்தொழிலாகச் செய்ய மைஸ்ரர் என்ற தொழில்வல்லுநர் பட்டம் வேண்டும், கைத்தொழிலாளர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். லமினாட் போட அதெல்லாம் தேவையில்லை. "மரத்தின்ரை படத்தைப் போட விடுவாங்கள், மரத்தைப் போட விடாங்கள். அங்கை பெர்மிட் குடுத்தவனுக்கு இங்கை பெர்மிட் இல்லை" என்று நீங்களே சிரிப்பீர்கள். சிரித்து முடிந்த பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அப்போதே உங்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்னொருவனுக்காக முழந்தாளில் நின்றே காலம் முடிந்துவிடுமோ என்ற யோசனை அதில் இருக்கும்.

நான் ஒரு வழி சொன்னேன். "போர்டிலை லமினாட் எண்டு எழுதுவம். உள்ளுக்கை போய் மரத்தைப் போடுங்கோ. ஆர் குனிஞ்சு பாக்கப்போறான்?"

"விறகுக்குக் கீழை முதிரையை ஒளிச்சுக் கொண்டு வந்தவங்களைப் பிடிச்சவன் நான். என்னையே ஒளிக்கச் சொல்லுறியோ? நீ அங்கை இருந்திருந்தா உன்னைத்தான் முதல் பிடிச்சிருப்பன்."

2004 பிறந்தபோது சட்டம் மாறியது. பல தொழில்களுக்கு இனி அந்தப் பட்டம் வேண்டாம் என்றார்கள். உங்கள் தொழிலும் அதில் இருந்தது. செய்தி கேட்டு உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். நீங்களோ இழவுவீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

"இது பிழையான வேலை. காவலை எடுத்தா கண்டவனும் காட்டுக்குள்ளை வருவான்."

"வரட்டும்."

"தொழில் தெரியாதவனும் வருவான்."

"வரட்டும் அண்ணை. கண்டவனிலை நீங்களும் ஒராள்."

குசினிக்குள் இருந்து உங்கள் மனைவி, அக்கா, சிரித்தது கேட்டது. "அவன் சொல்லுறது சரி. எழும்பிப் போங்கோ, கண்டவரே!"

நீங்கள் சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, "மழை விடட்டும்" என்றீர்கள். அடுத்த கிழமை நகரசபையில் தொழிலைப் பதிந்துவிட்டு, கொட்டும் மழையில் நேரே என் கடைக்கு வந்தீர்கள்.

"எங்கையிருந்து துடங்கிறது?"

"நிக்கிற இடத்திலையிருந்து."

என் கடைக்கு மரத்தரை பதிக்கிற அந்த வேலை, பாவம் பார்த்துத் தந்ததல்ல. ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் வழியில் என் கடையில் இறங்குவார்கள். அவர்கள் நின்று கத்தரிக்காய் பொறுக்கும் தரையை விட உங்களுக்கு வேறென்ன விளம்பரம் வேண்டும்? டோர்ட்மண்டிலிருந்து வந்த ஒரு அக்காதான் முதலில் கேட்டார்: "இது மெய்யான மரமோ?" "குனிஞ்சு பாருங்கோ" என்றேன். அவர் வீட்டுக்கூடம்தான் உங்கள் அடுத்த வேலை. பிறகு உங்கள் பெயர் எழுதின வான் வந்தது. அதை என் கடைவாசலில் மறித்து நிறுத்தி வைப்பீர்கள். நான் கத்துவேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் பயமும் பொய்யில்லை. தொழில் தெரியாதவர்களும் வந்தார்கள். அவர்கள் போட்ட தரைகள் ஒரு மாரிக்குள் வீங்கி எழும்பின. அவற்றை உரித்தெடுத்து, திட்டித் திட்டித் திரும்பப் பதித்தவர் நீங்கள். "அதுவும் உங்களுக்கு வேலைதானே" என்றேன். "வாயை மூடடா" என்றீர்கள். ஆனால் பழைய முதலாளியிடம் திரும்பிப் போவதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

போன மாரியில் எங்களையெல்லாம் விட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

எதிர்க்கடையின் போர்டைக் கண்ட அன்று என் மனைவி கேட்டாள்: "இவனை ஆர் இந்தத் தெருவிலை கடை போட விட்டது?" எனக்கும் வாய் வரைக்கும் வந்தது, கண்டவனும் வாறான் என்று. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதனால்தான் நேற்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். கடைக்காரர் மன்னார்ப் பக்கம், முப்பது வயது இருக்கும். நான் குனிந்து குனிந்து நடப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"அண்ணை, என்ன தேடுறியள்?"

"கணு."

அவருக்கு விளங்கவில்லை. "என்ரை கடைக்கு வாரும். அங்கை தரையிலை ஒரே மாதிரி ரெண்டு கணுவைக் காட்டும், ஒரு மூட்டை அரிசி சும்மா தாறன்" என்றேன்.

இன்று காலை வந்துவிட்டார். தூள் அடுக்கிலிருந்து வாசல்வரை குனிந்தபடி போய், இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கிறார். நான் கல்லாப்பெட்டியில் இருந்து இதை எழுதுகிறேன்.

தேடட்டும் அண்ணை.