உலோகம் இல்லாத தண்ணீர்

மார்ச் 3
எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் இந்த நோட்டில் இன்று 'க்ஷ' எழுதிவிட்டேன். மூன்று முறை! எழுபது வயதில் புது மாப்பிள்ளை போல் இருக்கிறது. மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, இது எழுத்தா, நண்டா?" என்றாள். நண்டே இருக்கட்டும். என் நண்டு.

மார்ச் 6
மகளின் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுவதும் தண்ணீர் நிரப்புவதும் என் வேலை. அவள் வேலை என்னவென்று இன்றுதான் கேட்டேன். ஆர்.என்.ஏ. என்று ஒரு நூல். கண்ணுக்குத் தெரியாது. அதில் சில வகை, கத்தரிக்கோல் போல வெட்டும். ஆனால் மக்னீசியம் மாதிரி ஓர் உலோகம் தண்ணீரில் கரைந்திருந்தால்தான் சரியாக மடிந்து வெட்டுமாம். இவள் செய்த நூல் உலோகமே இல்லாமல் வெட்டுகிறது. யாரும் கண்டதில்லையாம். என் மகள்!

மார்ச் 11
அந்த நூலுக்காக மகளின் பேராசிரியர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். எனக்கு இரண்டு.

மார்ச் 19
வேறு ஊர் ஆய்வுக்கூடத்தில் அந்த நூல் வெட்டவில்லை. "இங்க வெட்டுது, அங்க மாட்டேங்குது. எப்படிப்பா?" தட்டில் கை வைக்காமல் எழுந்து போனாள்.

மார்ச் 20
தேற்றலாம் என்றுதான் சொன்னேன். காய்ச்சி வடிக்கும் கருவி சொட்டுச் சொட்டாக அழுகிறது. நீ காத்துக் கிடக்கக் கூடாதென்று குழாய்த் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, நான்தானே கேனை நிரப்புகிறேன், ஒரு தூசு இருக்காது என்று.
அவள் முகம் வெளிறிவிட்டது.
"எப்ப இருந்துப்பா?"
வேலைக்கு வந்த நாள் முதல், என்றேன்.
"குழாய்த் தண்ணில இருக்கற மக்னீசியம் கொதிக்க வச்சா போகாதுப்பா..."
ஐயோ. என்ன பண்ணிட்டேன்?

மார்ச் 21
உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் ஒரு மருந்தை என் தண்ணீரில் கலந்து பார்த்தாள். வெட்டு நின்றுவிட்டது. பேராசிரியரிடம் நானே சொல்கிறேன் என்றேன்.
"வாயத் திறக்காதீங்க. ஆறு வருஷ உழைப்புப்பா."

மார்ச் 22
எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 24
நாளை அந்த வேறு ஊர் ஆய்வுக்கூடத்தார் நேரில் பார்க்க வருகிறார்கள். மகள் கதவோரம் நின்று சொன்னாள். "கேனை நீங்களே நிரப்பிடுங்க. வழக்கம்போல." என் முகத்தைப் பார்க்கவில்லை.
வழக்கம்போல — என்றால்?
தெரியாதவன் போல் ஏன் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 25
அவர்கள் கையோடு கொண்டுவந்த நூலும் நம் தண்ணீரில் வெட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். "பெரியவர் கைராசி!" என்று பேராசிரியர் என் முதுகில் தட்டினார். மகள் சிரித்தாள்.
"தண்ணி ரூம் சாவி இனிமே அப்பாகிட்ட மட்டும் இருக்கட்டும் சார்."
சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் மகள் இரண்டு முறை என் பையின் மேல் கை வைத்து அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.