ஸ்டேஷன் வாசலில் தூக்கிய கை

நைனா,

இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில், சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் என்னைக் கடந்து போனார்கள். அவர்கள் மேல் மெழுகும் வெடிமருந்தும் ஈரமண்ணும் கலந்த வாசனை. உங்களுக்கு முன்பே வீட்டுக்குள் நுழைந்துவிடுமே, அதே வாசனை. அப்படியே நின்றுவிட்டேன். பள்ளிக்குத் தாமதமாகப் போய்த் தலைமை ஆசிரியையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எல்லாம் உங்களால்தான்.

நம் கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்த புதிதில் என்னையும் அம்மாவையும் பவுரிங்பேட்டைக்குக் கூட்டிப் போனீர்களே, அப்போது எனக்கு ஆறு வயது. அங்கே நமக்கு ஒரு வேலையும் கிடையாது. போவதும் அடுத்த வண்டியில் திரும்புவதும்தான் வேலை. "நாம தோண்டுற தங்கம் ரயில்ல போவுது. எம் பொண்ணு மட்டும் வேடிக்கை பாத்துகினு நிக்கணுமா?" என்று சுரங்கக் கூலிகளின் லைன் வீடுகள் முழுக்க ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

மேஸ்திரியிடம் இரவல் வாங்கிய கோட்டு உங்களுக்கு முழங்கால்வரை தொங்கியது. "கோட்டு நடந்து போவுது, ஆளத்தான் காணோம்," என்றாள் அம்மா. உங்களுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. என்னைத் தோளில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "எம் பொண்ணு ரயிலேறப் போவுது," என்று சொல்லிக்கொண்டே நடந்தீர்கள்.

ஸ்டேஷன் வாசலில் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக நின்றவர் கையை நீட்டினார். அவ்வளவுதான். என்னைக் கீழே இறக்கிவிட்டீர்கள். தலைப்பாகையை அவிழ்த்து உதறினீர்கள். இரண்டு கைகளையும் தூக்கி, வாயை அகலத் திறந்து நின்றீர்கள். சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும், தங்கத்தை ஒளித்திருக்கிறீர்களா என்று சோதிப்பவன் முன்னால் தினமும் அப்படித்தானே நிற்பீர்கள்.

"டிக்கெட்டுதானய்யா கேட்டேன்," என்றார் அவர்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் அசட்டுச் சிரிப்போடு என் பக்கம் திரும்பினீர்கள். நானும் இரண்டு கைகளையும் தூக்கி, விழுந்த பல்லின் ஓட்டை தெரிய வாயைத் திறந்து நின்றுகொண்டிருந்தேன். உங்களுக்குக் கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் சுரங்க வாசலில் பார்த்ததுதான். பெரியவர்கள் எந்த வாசலையும் இப்படித்தான் தாண்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். உங்கள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

ரயிலில் நான் ஆட்டையும் மாட்டையும் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தேன். பவுரிங்பேட்டை நெருங்கும்போதுதான், "நீ இன்னாத்துக்கு கண்ணு கையத் தூக்குன?" என்றீர்கள்.

"நீங்க தூக்குனீங்களே நைனா."

ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தீர்கள். கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது என்று நினைத்து நான் ஊதிவிட்டேன்.

திரும்பி வரும் வண்டியில் அம்மாவிடம், "நாளையிலருந்து இவ கஞ்சி எடுத்துகினு வர வேணா. பள்ளிக்கூடம் போவட்டும்," என்றீர்கள்.

"அப்போ கஞ்சி யாரு கொண்டார்ரது?"

"காலையிலயே ஊத்திக் குடு. ஆறுனதையே குடிச்சிக்கிறேன்."

பிறகு என்னிடம், இனி யார் முன்னாலும் கையைத் தூக்கக் கூடாது என்று சொன்னீர்கள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பள்ளியில், "விடை தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்," என்று டீச்சர் சொல்லும்போதெல்லாம் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் உங்களை வரச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் வகுப்பு வாசலில் என் எதிரே குந்தி உட்கார்ந்தீர்கள்.

"தெரிஞ்சதச் சொல்றதுக்குத் தூக்கு கண்ணு. திருடுனியான்னு கேட்டா தூக்காத."

அன்றே தூக்கினேன். அதற்குப் பிறகு டீச்சர் என்னை அடக்கத்தான் பாடுபட்டார். இப்போது அதே பள்ளியில் நானே பாடம் சொல்கிறேன். நான் கேள்வியை முடிப்பதற்குள் சின்னப் பெண்கள் எம்பி எம்பிக் கை தூக்குகிறார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது, நைனா. நீங்கள் பார்க்காமல் போனீர்களே என்று அழுகையும் வருகிறது.

கடைசிவரை உங்களிடம் ‘திருடினாயா’ என்ற கேள்வியைத்தான் கேட்டார்கள். எனக்கு ‘தெரியுமா’ என்ற கேள்வியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.